கோழிக்குக் குளிர்ச்சி உண்டு, வேலையாளுக்கு?

பங்குனி பிறந்துவிட்டால் நாமக்கல், பல்லடம் வட்டாரக் கோழிப் பண்ணைகளில் வேலை கூடிவிடும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்புவார்கள். தெளிப்பான்களைச் சரிபார்ப்பார்கள். மூடிய கொட்டகை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கச் சுவரில் இருக்கும் பேடுகளைக் கழுவி, மறுபக்கத்து எக்ஸாஸ்ட் ஃபேன்களுக்கு பெல்ட் மாற்றுவார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு குறையும். முட்டை ஓடு மெலியும். தீவனம் எடுப்பதும் குறையும். கலப்பினப் பசு வைத்திருப்பவரும் கோடையில் பால் இறங்கும் என்று அறிந்தே தொழுவத்தில் மின்விசிறியும் நீர்த்தெளிப்பும் அமைக்கிறார். இதையெல்லாம் ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. தீவனத்தைப் போல, தடுப்பூசியைப் போல அதுவும் பண்ணைச் செலவில் ஓர் இனம்.

அதே ஊரில், சில சமயம் அதே முதலாளியின் இடத்தில், இன்னொரு கொட்டகை இருக்கும். நெல் அவிக்கும் ஆலை, வெல்லம் காய்ச்சும் ஆலை, முந்திரிக் கொட்டை உடைக்கும் கூடம், மஞ்சள் மெருகேற்றும் இடம் என ஏதோ ஒன்று. தகரக் கூரை மேலிருந்து தகிக்கும். அடுப்போ கொதிகலனோ பக்கத்திலிருந்து தகிக்கும். நடுவில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் வேலை செய்வார்கள். அவர்களுக்கென்று இருப்பது சுவரில் மாட்டிய ஒரு விசிறி. அதுவும் பாதி நாள் மூட்டையைப் பார்த்துத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

விளைபொருளை மதிப்புக்கூட்டுங்கள் என்று பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விவசாயிகளிடம் சொல்லி வருகிறோம். நல்லதுதான். ஆனால் மதிப்புக்கூட்டும் வேலை பெரும்பாலும் சூட்டில் நடக்கும் வேலை. அவிப்பதும் வறுப்பதும் காய்ச்சுவதும் உலர்த்துவதும் இல்லாமல் எதுவும் கடைக்குப் போவதில்லை. அந்தச் சூட்டில் நிற்பவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. கேட்டால், “இவ்வளவு பெரிய ஷெட்டுக்கு ஏசி போட முடியுமா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். முடியாது. போடவும் வேண்டாம். ஆள் நிற்கும் இடத்தை மட்டும் குளிர்விப்பதற்குக் கருவிகள் வந்துவிட்டன. அறுவடை இயந்திரத்தைப் போல, களையெடுக்கும் கருவியைப் போல, அவற்றையும் வேளாண் கருவிகளின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

விசிறி எதுவரை உதவும்?

கடினமாக உழைக்கும் மனித உடல் 300 முதல் 400 வாட் வரை வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது, மூட்டை தூக்கும் ஒவ்வோர் ஆளும் ஒரு சிறிய ஹீட்டர். இந்த வெப்பம் உடனுக்குடன் வெளியேறினால்தான் உடல் 37 டிகிரியில் நிற்கும். சுற்றுக்காற்று குளிர்ச்சியாக இருந்தால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வியர்வை ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால், சுமார் மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உடலை விட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கும்வரை விசிறி நல்ல துணை. அதைத் தாண்டினால் விசிறி அனலைத்தான் உடலின் மேல் தள்ளும். வியர்வை வேகமாக ஆவியாவதால் ஓரளவு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவே. 40 டிகிரியைத் தாண்டிய வறண்ட காற்றில் அந்த ஆறுதலும் நம்பத் தகுந்ததல்ல. ஈரோடு, கரூர், வேலூர்ப் பகுதிகளில் சித்திரை மாதப் பிற்பகலில் வெளியிலேயே 40 டிகிரி வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே, கொதிகலனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதை ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

முழு ஷெட்டா, நான்கு பேரா?

60 அடிக்கு 40 அடி கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. வீட்டு அறைக்கு ஏசி மாட்டுபவர்கள் 120 முதல் 150 சதுர அடிக்கு ஒரு டன் என்று தோராயக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கிலேயே குறைந்தது 16 டன் வேண்டும். ஒரு டன்னுக்கு மணிக்கு 1.3 யூனிட் என்றால், வெயில் கடுமையாக இருக்கும் 11 மணி முதல் 4 மணி வரை ஐந்து மணி நேரத்துக்கு 104 யூனிட். ஒரு யூனிட்டை 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 830 ரூபாய் ஆகிறது. இதுவும் பத்தடி உயரத்தில் கூரை உள்ள, கதவு மூடிய அறைக்கான கணக்கு. இருபதடி உயரத் தகரக் கூரையும், லாரி வந்துபோகும் வாசலும் உள்ள ஷெட்டுக்கு இது போதவே போதாது.

அதே கொட்டகையில் சூட்டின் பக்கத்தில் நின்றே ஆக வேண்டியவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் நான்கைந்து பேர். இரண்டிரண்டு காற்றுக் குழாய்கள் கொண்ட ஒரு டன் ஸ்பாட் கூலர் இரண்டை வைத்தால் நான்கு பேருக்கும் குளிர்ந்த காற்று போய்ச் சேரும். ஐந்து மணி நேரத்துக்கு 13 யூனிட், 104 ரூபாய். ஒருவருக்கு நாள்கூலி 600 ரூபாய், எட்டு மணி நேர வேலை என்றால், நான்கு பேரின் ஒரு மணி நேரக் கூலி 300 ரூபாய். பிற்பகல் வெக்கையில் அந்த நால்வரும் 21 நிமிடம் சோர்ந்து உட்கார்ந்தாலே மின்சாரச் செலவுக்குச் சமமாகிவிடுகிறது. கருவியின் விலை தனி. அது அதே அளவுள்ள வீட்டு ஏசியைவிடக் கூடுதல்தான். ஆனாலும் பல ஆண்டு உழைக்கும் கருவிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலேயே “கட்டுப்படியாகாது” என்று சொல்வது சரியல்ல.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஸ்பாட் கூலர் என்பது சக்கரம் வைத்த ஏசிதான். கம்ப்ரஸர், குளிர்க் கம்பிச்சுருள், சூட்டுக் கம்பிச்சுருள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். முன்பக்கத்தில் யானைத் துதிக்கை போல வளையும் குழாய்கள். அவற்றிலிருந்து, உள்ளே இழுத்த காற்றைவிட 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த காற்று வரும். சுவரில் துளையிட்டு மாட்டும் வேலை இல்லை. தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

வாங்குபவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது அதன் பின்பக்கம். குளிர்ச்சி எங்கிருந்தும் புதிதாகப் பிறப்பதில்லை. வெப்பம் இடம் மாறுகிறது. ஒரு டன் கருவி முன்பக்கக் காற்றிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுத்து, தான் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்து, பின்பக்கம் ஏறக்குறைய 4.8 கிலோவாட்டாகக் கக்கும். மூடிய சிறு அறையில் இதை அப்படியே ஓட்டினால் அறை முன்பைவிடச் சூடாகும். குழாயின் எதிரே நிற்பவர் சுகப்படுவார். பக்கத்தில் இருப்பவர் வெந்துபோவார். எனவே பின்பக்கச் சூட்டைக் குழாய் போட்டுச் சுவருக்கு வெளியே விட வேண்டும், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும் பக்கம் திருப்ப வேண்டும். கூரைமுகட்டில் திறப்பும் பக்கச் சுவரில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது தூரம். குழாயின் வாய் 6 அங்குலம் என்றால், மூன்றடி வரைதான் காற்று குளிர்ச்சி குலையாமல் வரும். அதற்கு மேல் சுற்றுக்காற்றோடு கலந்துவிடும். கருவியைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு “காற்றே வரவில்லை” என்று குறை சொல்வதில் பொருளில்லை. முகம், கழுத்து, மார்புப் பகுதிக்குக் காற்று வரும்படி வைத்தால் நல்லது. கை எடுக்க, மூட்டை தூக்க இடையூறில்லாமல் குழாயைத் தலைக்கு மேலிருந்து இறக்கலாம். பெட்டியின் அடியில் சேரும் நீரை அன்றாடம் கொட்ட வேண்டும். உமியும் தவிடும் பறக்கும் இடத்தில் வடிகட்டியைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் ஒரே வாரத்தில் கருவி மூச்சு முட்டிப்போகும். தரை ஈரமாக இருக்கும் ஆலைகளில் எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம்.

ஏர்கூலர் போதாதா?

சில இடங்களில் தாராளமாகப் போதும். சில இடங்களில் காசுக்குக் கேடு. இதை முடிவு செய்ய வேண்டியது விற்பனையாளர் அல்ல. உங்கள் ஊர்க் காற்று.

ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. காற்று வறண்டிருந்தால்தான் ஆவியாகும். 40 டிகிரி வெயிலும் 25 சதவீத ஈரப்பதமும் இருக்கும் கொங்குப் பகுதிப் பிற்பகலில், நல்ல பேடு உள்ள ஏர்கூலர் சுமார் 27 டிகிரிக் காற்றைத் தரும். அங்கே கம்ப்ரஸர் கருவி தேவையே இல்லை. கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது அதே ஏர்கூலர் 30 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாது. கூடவே காற்றை இன்னும் ஈரமாக்கி வியர்வை உலராமல் செய்யும். நெல் அவிக்கும் இடத்தில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருக்கிறது. அதற்குள் ஏர்கூலர் வைப்பது ஈரத்தோடு ஈரம் சேர்ப்பதுதான்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு வெப்பமானிகளை ஒரே இடத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறியால் காற்று படச் செய்யுங்கள். பிற்பகல் 2 மணிக்கு இரண்டுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏர்கூலர் வாங்கலாம். 5 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் வாங்க வேண்டாம். இடைப்பட்டது என்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு டன் அளவுக் குளிர்ச்சிக்கு ஏர்கூலர் மணிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் பேடில் உப்புப் படியும். தொட்டி நீரை அவ்வப்போது வடித்து மாற்ற வேண்டும். பொருளின் குணமும் முக்கியம். காய்ந்த முந்திரிப் பருப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், பொரி ஆகியவை ஈரத்தை இழுக்கும். அவை திறந்து கிடக்கும் இடத்தில் ஏர்கூலர் வைத்தால் ஆள் குளிர்வார், சரக்கு கெடும்.

அடுப்படியில் முதல் வேலை தடுப்பு

குளிர்காற்றால் தீராத சூடும் உண்டு. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் தயாராகும் நாட்டுச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் சாற்றைக் கொப்பரையில் 115 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். கீழே சக்கை எரியும் அடுப்பு. அதன் வாயில் நின்று சக்கை தள்ளுபவரைச் சுடுவது காற்று மட்டுமல்ல. நெருப்பிலிருந்து நேராகப் பாயும் கதிர்வெப்பமும்தான். அதைக் குளிர்காற்று தடுக்காது. நடுவில் ஒரு மறைப்பு வேண்டும். அடுப்பு வாய்க்கு மூடி, பக்கவாட்டில் பளபளப்பான அலுமினியத் தகடு, நீளமான தள்ளுகோல் ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. இவற்றைச் செய்த பிறகு, பாகு கிளறுபவரின் பின்புறமோ பக்கவாட்டிலோ இருந்து காற்று விடலாம். நெருப்பின்மீதும் பாகின்மீதும் காற்று படக் கூடாது.

நெல் ஆலையில் முதல் வேலை, நீராவிக் குழாய்களுக்கு வெப்பக் காப்பு சுற்றுவது. அது விறகையும் உமியையும் மிச்சப்படுத்தும், ஆளையும் காக்கும். இரண்டாவது, ஆவியை மேலே இழுத்து வெளியே விடும் புகைக்கூண்டு. மூன்றாவதாகத்தான் ஸ்பாட் கூலர். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது எல்லா ஷெட்டுக்கும் பொருந்தும். இந்த வரிசையை மாற்றி, எதுவும் செய்யாமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

பண்ருட்டி வட்டார முந்திரிக் கூடங்களில் நிலைமை வேறு. வறுக்கும் டிரம்மின் அருகே சிலரே நிற்கிறார்கள். பருப்பைத் தோலுரித்துத் தரம் பிரிக்கும் பெண்கள் வரிசையாக, ஒரே இடத்தில், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். குறிவைத்துக் குளிர்விப்பதற்கு இதைவிடத் தோதான வேலையிடம் கிடையாது. மேலே ஒரு நீளக் குழாயை ஓட்டி, ஆளுக்கொரு சிறு வாய் வைத்தால் ஒரு கருவி பலருக்குப் பயன்படும். வறட்டுத் தோல் பறக்காதபடி காற்றை மெதுவாக விட்டால் போதும்.

வயலுக்கு இந்தக் கருவியை எடுத்துச் செல்ல முடியாது. அங்கே விடியற்காலை வேலை, நிழல், தண்ணீர், இடை ஓய்வு இவைதான் வழி. ஆனால் சித்திரை, வைகாசியில் நவரை நெல் வந்து குவியும் கொள்முதல் நிலையத்தில், சுமை தூக்குபவர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்து உடல் சூட்டை இறக்கிக்கொள்ள, குளிர்காற்று வரும் ஒரு சிறு தடுப்பறை அமைக்கலாம்.

நஷ்டம் யார் தலையில்?

இவ்வளவு லாபக் கணக்கு இருந்தும் ஏன் யாரும் செய்யவில்லை? முந்திரிக் கூடத்தில் கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. சுமை தூக்குவது மூட்டைக் கணக்கு. வெக்கையில் கை தளர்ந்து ஐந்து கிலோ உரிப்பவர் நாலு கிலோ உரித்தால், அந்த ஒரு கிலோ குறைவது அவருடைய கூலியில்தான். முதலாளியின் நோட்டில் அந்த நஷ்டம் ஏறுவதே இல்லை. நாள்கூலி வேலையில் 21 நிமிடக் கணக்கு முதலாளிக்குப் புரியும். கிலோ கூலியில் அந்தக் கணக்கு அவர் கண்ணுக்கே படாது. கோழி தீவனம் எடுக்காவிட்டால் பண்ணைக்காரருக்கு நஷ்டம்; அதனால் கோழிக்குக் குளிர்ச்சி கிடைத்தது. உரிக்கும் பெண் தளர்ந்தால் நஷ்டம் அவள் வீட்டு அடுப்புக்கு. அதனால் அவளுக்கு விசிறியோடு சரி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கை, 2030-ல் வெப்பத்தால் இந்தியா தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை இழக்கும் என்று மதிப்பிட்டது. அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். உலக அளவில் இந்த இழப்பில் பெரும்பங்கு விவசாயத்தில்தான் என்றும் அது சொல்கிறது. கூலியோடு நின்றுவிடும் இழப்பும் அல்ல இது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் தமிழகத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் வாய்ப்பு இரு மடங்கு என்று அதில் தெரியவந்தது. அவர்களில் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் உப்பளத்துக்கும் போனவர்கள் உண்டு. இந்த முடிவைப் படித்த பிறகும் “விசிறி இருக்கிறதே” என்று பேசுவது நியாயமாகாது.

“அவர்களுக்குப் பழகிவிட்டது” என்பது அடிக்கடி கேட்கும் பதில். உடல் வெப்பத்துக்குப் பழகுவது உண்மைதான். அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பினால் அந்தப் பழக்கம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடமாநிலத்திலிருந்து நேற்று ரயிலில் வந்திறங்கி, இன்று அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் இளைஞர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். பழகிய உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. பேச்சு குழறி, தடுமாறி ஒருவர் விழுந்தால் அது வெப்பத்தாக்குதலாக இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

“குளிரிலிருந்து சூட்டுக்கு வந்தால் உடம்புக்கு ஆகாது” என்றும் சிலர் தயங்குகிறார்கள். அதனால்தான் இங்கே 18 டிகிரி கேட்கவில்லை. வேலை செய்பவரைச் சுற்றி 27, 28 டிகிரியில் காற்று ஓடினாலே வியர்வை உலரும். உடல் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

அரசு செய்ய வேண்டியது

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-வது பிரிவு, வேலையிடத்தின் வெப்பநிலை உடல்நலத்துக்குக் கேடு செய்யாத அளவில் இருக்க வேண்டும் என்றது. அதிக வெப்பம் உண்டாகும் வேலையைப் பிரித்து வைக்கவோ, சூடான பாகங்களுக்குக் காப்பு இடவோ சொன்னது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடமானால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு அந்த எண்களை 20, 40 என்று உயர்த்தியது. நம் கிராமத்து வெல்ல ஆலையும் முந்திரிக் கூடமும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. சட்டத்தின் பார்வையில் அங்கே தொழிற்சாலை இல்லை. சூடு மட்டும் இருக்கிறது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் முடிவானது. வரவேற்கத்தக்க முடிவு. இறந்த பிறகு கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு, இறக்காமல் காப்பதற்கும் போகட்டும். அதற்கு மூன்று வழிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மானியத் திட்டங்கள். பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை என்று அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கான திட்ட அறிக்கையில் காற்றோட்டம், வெப்பக் காப்பு, வேலையிடக் குளிர்ச்சி ஆகியவற்றுக்கு ஒரு தலைப்பு இருக்க வேண்டும். அது தகுதியான செலவு என்று வெளிப்படையாக அறிவித்தால், அறிக்கை தயாரிப்பவரும் வங்கி மேலாளரும் தயங்க மாட்டார்கள்.

இரண்டாவது, வாடகை மையங்கள். நகர்த்தக்கூடிய கருவி என்பதன் முழுப் பயன் இங்கேதான் இருக்கிறது. மாசி, பங்குனியில் மஞ்சள் வேகவைத்து மெருகேற்றும் வேலை. சித்திரை, வைகாசியில் முந்திரியும் நவரை நெல்லும். ஒரு சிறு ஆலைக்கு ஆண்டில் இரண்டு, மூன்று மாதம்தான் கருவி தேவைப்படும். அதற்காகச் சொந்தமாக வாங்குவது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வேளாண் இயந்திர வாடகை மையங்களும் பத்து, இருபது கருவிகளை வைத்து, டிராக்டரை அனுப்புவது போல ஊர் ஊராக அனுப்பலாம். பருவம் மாறும், கருவி சும்மா கிடக்காது. வடிகட்டி, வாயு, எர்த் எல்லாவற்றையும் மையமே சோதித்து அனுப்புவதால் பராமரிப்பும் ஒழுங்காக இருக்கும்.

மூன்றாவது, சோதனை. வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் பொறியியல் துறையும் நெல் அவிக்கும் ஆலை, முந்திரிக் கூடம், வெல்ல ஆலை ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி அமைப்பை நிறுவி, ஒரு கோடை முழுதும் அளந்து, முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். எத்தனை டிகிரி குறைந்தது, எவ்வளவு மின்சாரம் ஆனது, கிலோ கூலிக்காரரின் வருமானம் கூடியதா என்ற மூன்று விவரம் போதும். ஆலைக்காரர்கள் விளம்பரத்தை நம்ப மாட்டார்கள். பக்கத்து ஊர் ஆலையைப் பார்த்தால் நம்புவார்கள்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பருவத்துக்கு முன் ஆலை உரிமையாளர்கள் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு வெப்பமானிகளோடு கொட்டகையைச் சுற்றி வாருங்கள். யார் எங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்தப் பக்கத்திலிருந்து சூடு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை செய்பவர்களிடமே கேளுங்கள். எந்த இடம் தாங்கவில்லை என்பது அவர்களுக்கு வெப்பமானியைவிட நன்றாகத் தெரியும். முதலில் மறைப்பும் காற்றோட்டமும் செய்யுங்கள். பிறகும் தாங்காத இரண்டு இடங்களுக்கு மட்டும் கருவி வையுங்கள். சுவர் விசிறியை மூட்டையிலிருந்து ஆள் பக்கம் திருப்பி வைப்பதை மட்டும் இன்றைக்கே செய்துவிடலாம்.